மகள் குற்றவியல் படிக்க ஆசைப்படுகிறாள், என்ன செய்வது?

ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. பள்ளியில் 'சட்டம், குற்றம், நீதி' என்ற விருப்பப் பாடத்தை எடுத்தால் மகளின் மனம் கொலை, கொள்ளை என்றே ஓடுமோ என்பது ஒன்று. நாளை அவள் வழக்கறிஞர் ஆகாவிட்டால் படித்தது வீண்தானே என்பது மற்றொன்று.

முதல் பயத்தை விட்டுவிடுங்கள். தொலைக்காட்சித் தொடரில் வருகிற பரபரப்பு இந்த வகுப்பில் கிடையாது; பெரும்பாலும் தாள்களைப் புரட்டுகிற வேலைதான். சொல்லப்போனால், பரபரப்பை நம்பி வருகிற பிள்ளைகள்தான் முதல் மாதத்திலேயே சலித்துப்போகிறார்கள்.

இந்த வகுப்புக்குப் பொருத்தமான வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 1964இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாக ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையனைப் பிடித்துச் சென்றார்கள். வேலைக்குப் போயிருந்த பெற்றோருக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. புகார் கொடுத்தவர் விசாரணைக்கு வரவில்லை. பையனுக்கு வழக்கறிஞர் இல்லை, நடந்த விசாரணைக்கு எழுத்துப் பதிவும் இல்லை. 21 வயது வரை அவனைச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவாயிற்று. அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை! வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், குற்றச்சாட்டை முன்கூட்டியே அறியவும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் சிறாருக்கும் உரிமை உண்டு என்று 1967இல் தீர்ப்பு வந்தது.

இதைப் படித்தால் உங்கள் மகளுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் வகுப்பில் வழக்கை நடித்துப் பார்க்கும் மாதிரி நீதிமன்றத்தில் ஆசிரியர் அவளை அரிசோனா அரசின் தரப்பில் நிறுத்திவிட்டால்? 'சிறார் நீதிமன்றம் தண்டிக்க வந்ததல்ல, பெற்றோரைப்போலத் திருத்த வந்தது. வழக்கறிஞர்கள் நுழைந்தால் அந்தப் பரிவு போய்விடும்' என்று அவள் வாதாட வேண்டும். பிடிக்காத பக்கத்துக்கும் நியாயம் தேடி உட்கார்ந்து படிக்கிறாளா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளா என்று கவனியுங்கள். மதிப்பெண்ணைவிட இதுவே அவளைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்லும். வாய்ச் சாமர்த்தியம் உள்ள பிள்ளை என்றாலே 'வக்கீலுக்குப் படிக்க வை' என்று உறவினர்கள் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்தத் தொழிலில் பேசுகிற நேரத்தைவிடப் படிக்கிற, எழுதுகிற நேரமே அதிகம்.

இரண்டாவது பயத்துக்கு வருகிறேன். பள்ளியில் சட்டம் படித்திருந்தால்தான் சட்டக் கல்லூரியில் இடம் என்ற நிபந்தனை பொதுவாக எங்கும் இல்லை. ஆகவே இந்தப் பாடத்தை நுழைவுச் சீட்டாக நினைக்க வேண்டாம்; பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். பிடித்துப்போனாலும் கறுப்பு அங்கி ஒன்றே வழியல்ல. சிறாரைக் கண்காணித்து வழிநடத்தும் நன்னடத்தை அலுவலர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் சமூகப் பணியாளர் என்று பல வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'தடயவியல் படிக்கப்போகிறேன்' என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ரத்தக்கறையையும் டி.என்.ஏ.வையும் ஆராய்கிறவர்கள் வேதியியல், உயிரியல் வழியாக வந்தவர்கள். பிரேதப் பரிசோதனை செய்கிறவர் முதலில் மருத்துவர் ஆக வேண்டும். குற்றத்தைப் பற்றிய வகுப்பு என்பதற்காக இந்தப் பாடம் அவளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் விடாது. கால அட்டவணையில் இதுவும் வேதியியலும் ஒரே நேரத்தில் மோதினால், தடயவியல் ஆசை உண்மையாக இருக்கும்வரை வேதியியலையே எடுக்கச் சொல்லுங்கள். மோதவில்லையென்றால் தயங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.