விதி இருந்தால் விதித்தவர் இருக்க வேண்டுமா?

கேள்வி: “இயற்கைக்கு விதிகள் உண்டு என்று அறிவியலே ஒப்புக்கொள்கிறது. விதி இருந்தால் விதித்தவர் ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும்?” என்று நண்பர் மடக்கினார். எங்கோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட வாதங்களை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: இடிப்பது ‘விதி’ என்ற சொல்தான். முதல் வாக்கியத்தில் அது மாறாமல் நிகழும் ஒழுங்கைக் குறிக்கிறது. கைவிட்ட கல் கீழே விழும் என்பது மாதிரி. இரண்டாவதில் ஒருவர் போட்ட கட்டளையாக மாறிவிடுகிறது. போக்குவரத்து விதியை மீறலாம், மாட்டினால் அபராதம் கட்டலாம். ஈர்ப்பு விதியை மீறியவர் யாருமில்லை. இரண்டும் ஒரே வகை ‘விதி’ அல்ல.

சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அதன் பொருளை இரண்டு இடத்திலும் எழுதிப் பாருங்கள். ‘கட்டளை’ என்று போட்டால், “இயற்கைக்குக் கட்டளைகள் உண்டு” என்றாகிறது. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. நண்பர் நிரூபிக்க வேண்டியதே அதுதான். ‘ஒழுங்கு’ என்று போட்டால், “ஒழுங்கு இருந்தால் அதைப் பிறப்பித்தவர் இருக்க வேண்டும்” என்று வரும். இப்போது அது தானாகவே விளங்கும் உண்மையாகத் தோன்றவில்லை, பாருங்கள். விதி, விதித்தவர் என்ற ஓசைப் பொருத்தம்தான் அதுவரை அதைத் தாங்கிப் பிடித்திருந்தது.

இது பழைய பிழைதான். அரிஸ்டாட்டில் வகுத்த 13 போலி வாதங்களில் மொழியால் விளைபவை 6. அவற்றில் முதலாவதே இது. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபில் இதற்கு நெருக்கமானது ‘சலம்’, அதாவது ஒருவர் சொன்ன சொல்லை வேறு பொருளில் திரித்து மறுப்பது. ‘நவ’ என்றால் புதிய, ஒன்பது என இரண்டு பொருள். “அவனிடம் நவ கம்பளம் இருக்கிறது” என்று ஒருவர் புதுக் கம்பளத்தைச் சொன்னால், “ஒன்பது எங்கே இருக்கிறது, ஒன்றுதானே?” என்று எதிராளி மறுப்பார். வேண்டுமென்றே செய்யும் குறும்பு அது. உங்கள் நண்பர் அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் பேசுகிறவரே தன் சொல்லில் ஏமாந்துபோகிறார்.

‘சமம்’, ‘நம்பிக்கை’, ‘சுதந்திரம்’ வரும் இடங்களிலும் கவனம் வேண்டும். “எல்லோரும் சமம் என்கிறீர்கள், ஒருவர் பலசாலி, ஒருவர் நோஞ்சான், எங்கே சமம்?” என்பவர் உரிமையில் சமம் என்பதை அளவில் சமமாக்கிவிட்டார்.

அதற்காக, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதாலேயே வாதத்தைத் தள்ளிவிடாதீர்கள். முடிவு அந்தப் பொருள் மாற்றத்தை நம்பி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அப்புறம், வாதம் பிழை என்பதால் முடிவும் பொய்யாகிவிடாது. நண்பரிடம் “விதி என்பதை எந்தப் பொருளில் சொல்கிறீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். “சரி, ஒழுங்குக்கும் ஒரு காரணம் வேண்டாமா?” என்று அவர் திரும்பக் கேட்டால் அது வேறு வாதம், அதற்குத் தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.