எச்-இன்டெக்ஸ், சைட்டேஷன்: நீங்கள் கேட்டவை

கேள்வி: மொத்தம் 156 சைட்டேஷன் இருக்கிறது, ஆனால் எச்-இன்டெக்ஸ் வெறும் 5 என்று காட்டுகிறது. எங்காவது தப்பு நடந்திருக்குமா?

தப்பு இல்லை. ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டுவதுதான் சைட்டேஷன். எச்-இன்டெக்ஸ் 5 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 5 சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகள் உங்களிடம் 5 இருக்கின்றன என்று அர்த்தம். அதிக சைட்டேஷன் வாங்கிய கட்டுரையில் தொடங்கி வரிசையாக எழுதிப் பாருங்கள். 90, 40, 12, 6, 5, 3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஆறாவதற்கு 6 வேண்டும், 3தான் இருக்கிறது, அதனால் 5-லேயே நின்றுவிடும். முதல் கட்டுரையின் 90 நாளைக்கே 9,000 ஆனாலும் இந்த எண் அசையாது. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் இதைக் கொண்டுவந்தபோது, ஒன்றிரண்டு கட்டுரைகளால் மட்டும் ஒருவரின் கணக்கு வீங்கிவிடக் கூடாது என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் ஐந்து வருடம் உட்கார்ந்து ஊரே பயன்படுத்தும் ஒரு டேட்டாசெட்டையோ மென்பொருளையோ உருவாக்கியவருக்கு அதுவே பாதகமாகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் எச்-இன்டெக்ஸை மட்டும் எழுதாமல், அந்த ஒரு கட்டுரையின் எண்ணிக்கையையும் தனியாக எடுத்து எழுதுங்கள்.

கேள்வி: கூகுள் ஸ்காலரில் 14, ஸ்கோப்பஸில் 8. விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

இரண்டையும் போடுங்கள், எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்பதோடு. ஸ்காலர், ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (பரிசீலனைக்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரை), தொழில்நுட்ப அறிக்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளம், தான் தேர்ந்தெடுத்த ஜர்னல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் நூல்களையும் மட்டும் எண்ணும். வித்தியாசம் வரத்தான் செய்யும்.

அதற்கு முன் உங்கள் ஸ்காலர் ப்ரொஃபைலை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். நான் இருந்த ஒரு தேர்வுக் குழுவில், கம்பைலர் ஆராய்ச்சி செய்யும் ஒருவரின் பக்கத்தில் மூன்றாவது வரியிலேயே பயிர் நோய் பற்றிய கட்டுரை கிடந்தது. அதே பெயருள்ள வேறொருவருடையது. ஸ்காலர் தானாகச் சேர்த்துவிட்டிருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. ஆனால் அந்த அறையில் அதற்குப் பிறகு அவருடைய எந்த எண்ணையும் யாரும் நம்பவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம், ஏனென்றால் அவர் நல்ல ஆராய்ச்சியாளர். தானாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, உங்களிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி அமைப்பை மாற்றுங்கள். ப்ரீபிரிண்டும் மாநாட்டு வடிவமும் இரண்டாகக் கிடந்தால் ஒன்றாக இணையுங்கள். அப்புறம் டிபிஎல்பியில் உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்தப் பட்டியல் கணினி அறிவியலுக்கென்றே இருப்பது, ஒரே பெயர்க்காரர்களை 0001, 0002 என்று எண் போட்டுப் பிரித்து வைக்கிறது.

கேள்வி: மாநாட்டுக் கட்டுரை கணக்கில் வராது, இம்பாக்ட் ஃபேக்டர் உள்ள ஜர்னல்தான் வேண்டும் என்கிறார் என் கைடு. சரியா?

வேறு துறைகளுக்குச் சரியாக இருக்கலாம், நம் கணினி அறிவியல் துறைக்கு இல்லை. இங்கே நல்ல மாநாடுகள் முழுக் கட்டுரையையும் வரிவரியாகப் பரிசீலித்து, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இன்று பெரும்பாலான ஏஐ மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை 2017-இல் ஒரு மாநாட்டில்தான் வந்தது, அதன் சைட்டேஷன் லட்சத்தைத் தாண்டிவிட்டது. இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளை வைத்து எடுக்கும் ஜர்னலின் சராசரி. உங்கள் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் மாநாடு என்று பெயர் வைத்ததெல்லாம் மாநாடு ஆகிவிடாது, மாநாடுகளைத் தரம் பிரிக்கும் கோர் (CORE) தரவரிசையில் ஏ ஸ்டாரா, ஏயா, பியா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். உங்கள் நிறுவன விதியே ஜர்னலைத்தான் கேட்கிறது என்றால், மாநாட்டுக் கட்டுரையை விரிவாக்கி, புதிய முடிவுகளும் சேர்த்து ஜர்னலுக்கு அனுப்பலாம்.

கேள்வி: என் கட்டுரையை நானே மேற்கோள் காட்டலாமா?

தாராளமாக. அந்த வரியை எடுத்துவிட்டால் வாசகருக்கு ஏதாவது புரியாமல் போகும் என்றால் அது இருக்கட்டும். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் அல்காரிதம் கோட்பாட்டில் இருக்கிறேன். கூடப் படித்தவர் டீப் லேர்னிங்கில், என்னைவிடப் பத்து மடங்கு சைட்டேஷன். நான் பின்தங்கிவிட்டேனா?

இல்லை, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைப்பதே தப்பு. அங்கே வருடத்துக்கு வெளியாகும் கட்டுரைகள் மிக மிக அதிகம், மேற்கோள் பட்டியலும் நீளம். உங்கள் பக்கம் ஆட்கள் குறைவு, ஒரு நிரூபணத்துக்கு ஒரு வருடம் போய்விடும். பெயர்களும் பெரும்பாலும் அகர வரிசையில் வருவதால் முதல் ஆசிரியர் யார் என்று எண்ணுவதிலும் அர்த்தம் இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள். உங்களை மேற்கோள் காட்டிய பத்துக் கட்டுரைகளைத் திறந்து, உங்கள் எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். முன்னுரையில் [4–11] என்று எட்டில் ஒன்றாகக் கூட்டத்தில் நிற்கிறதா? அல்லது மூன்றாம் பகுதியில், "[7]-இன் துணைத்தேற்றத்தின்படி" என்று ஒரு நிரூபணத்தையே தாங்கி நிற்கிறதா? இரண்டாவது வகை நாலு இருந்தாலே அதைப் பெயரோடு எழுதி விண்ணப்பத்தில் வையுங்கள். நான் குழுவில் இருந்தால் முதலில் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.

கேள்வி: பணம் கொடுத்தால் சைட்டேஷன் ஏற்றித் தருகிறோம் என்று மெயில் வருகிறது.

தொடாதீர்கள். எண்ணை ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்று 2010-இலேயே காட்டிவிட்டார்கள். சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, நிரல் எழுதிய பொருளற்ற கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் போட்டார். ஸ்காலர் கணக்கில் அந்த ஆளுக்கு எச்-இன்டெக்ஸ் 94. ஒரே மாதத்தில், ஒரே கூட்டத்திடமிருந்து குவியும் சைட்டேஷனை வரைபடத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், போனது போகட்டும், அவர்கள் சேர்த்த கட்டுரைகளை இன்றே ப்ரொஃபைலிலிருந்து நீக்கிவிடுங்கள்.