வரைபடத்தில் வரத்துக்கால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கானாடுகாத்தானைச் சேர்ந்த கல்லூரி மாணவன். யாரும் வரையவும் திருத்தவும் கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக நண்பர்களுடன் எங்கள் பகுதியின் தெருக்களையும் ஊருணிகளையும் அதில் பதிந்து வருகிறேன். அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் ஆகியவை கூடித் தொடங்கிய ஓவர்ச்சர் மேப்ஸ் என்ற அமைப்பைப் பற்றி அண்மையில்தான் அறிந்தேன். அவர்கள் வெளியிடும் வரைபடத் தரவும் இலவசம். நாங்கள் பதிவதும் அதற்குள் போகிறது. கட்டடங்களை இயந்திரமே வரைந்துவிடுகிறது. அப்படியானால் நாம் வெயிலில் அலைவது பெருநிறுவனங்களுக்குக் கூலியில்லாமல் செய்யும் வேலைதானே என்று நண்பன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தங்கள் வாசகன்,
கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. 2022 டிசம்பரில், திறந்த மூல மென்பொருள் திட்டங்களை நடத்தும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தொடங்கப்பட்ட ஓவர்ச்சரின் சாலைத் தரவு பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கப்படுவதே. கட்டடங்களில், நம்மைப் போன்றவர்கள் வரைந்தவற்றோடு, மைக்ரோசாஃப்டும் கூகுளும் வான்படங்களிலிருந்து இயந்திரத்தைக் கொண்டு பிரித்தெடுத்தவையும் சேர்கின்றன.

இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கியபோது, அந்நாட்டு அரசின் நிலஅளவை நிறுவனம் தன் வரைபடத் தரவைக் கட்டணத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக எழுந்த இத்திட்டம் வணிகர்களுக்குக் கதவை அடைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், அதைக் கொண்டு உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். 2012 முதல் நடப்பிலிருக்கும் உரிமத்தின் சாரம் இவ்வளவுதான். ஓவர்ச்சரும் தன் சாலைகளையும் கட்டடங்களையும் அதே உரிமத்தில்தான் வெளியிடுகிறது. கொடுப்பவர்கள் நாம் மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. 2010 முதல் மைக்ரோசாஃப்ட் தன் பிங் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி தந்திராவிட்டால், நம்மில் பலர் இன்னமும் ஊருணிக் கரையை நடந்தே அளந்துகொண்டிருப்போம்.

ஆகவே கூலியைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. வரைபடத்தில் தவறு ஒன்று இருந்தால் அதை யார் திருத்தலாம் என்பதைத்தான் நான் கேட்பேன்.

எங்கள் பூர்வீக வீடு, இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றைப் போல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பது. கைப்பேசி வரைபடம் ஒன்று அதற்கு வைத்திருந்த புள்ளி பின்தெருவை ஒட்டி விழுந்துவிட்டதால், கூரியர் கொண்டுவருபவர்கள் அடுப்படிக்குப் பின்னால் வந்து நின்று, கதவைத் தட்டிப் பார்த்து, வீட்டில் ஆளில்லை என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போவார்கள். நான் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்காகத்தான் காத்திருப்பேன். அந்தச் செயலியில் மூன்று முறை திருத்தம் அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலோடு சரி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், வீட்டின் கோட்டின்மேல் தலைவாசல் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதை முதன்மை நுழைவாயில் என்று குறிக்க ஐந்து நிமிடம் ஆனது. தப்பான இடத்தில் வைத்திருந்தால் எதிர்வீட்டுக்காரரே அதை நகர்த்தியிருக்கலாம்; எந்தக் கணக்கிலிருந்து, என்றைக்கு, எதை மாற்றினார்கள் என்பதும் பதிவாகியிருக்கும். செயலியின் புள்ளி இன்றும் பின்தெருவில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இயந்திரம் வரைவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி ஓட்டுக்கூரை, அதற்கப்பால் மாடித் தளம் என்று அமைந்த ஒரே வீட்டை, மேலிருந்து பார்க்கும் இயந்திரம் நான்கு கட்டடமாகப் பிரித்துவிடக்கூடும். சுவர் ஒட்டிய நான்கு வீடுகளை ஒன்றாகச் சேர்த்துவிடவும் கூடும். அதையாவது வீட்டில் உட்கார்ந்தே சரிசெய்யலாம். கோடையில் எடுத்த படத்தில் வறண்ட ஊருணி வெறும் பொட்டலாகத்தான் தெரியும். அது குடிநீர் ஊருணியா, குளிக்கிற ஊருணியா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்து வரத்துக்கால் வழியாக வந்து சேர்கிறது என்பதெல்லாம் ஊரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளை வாசலில் சேர்க்க நினைக்கும் நிறுவனத்துக்கு வரத்துக்கால் தேவைப்படாது. அதைக் குறிக்க அவர்கள் ஆள் அனுப்பப் போவதில்லை. அதை ஒரு குற்றமாகவும் நான் சொல்லவில்லை.

ஊர்ப்பெயர்களும் இப்படித்தான். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தமிழ்ப் பெயரையும் சேர்த்துவிட்டால் நம் எழுத்தில் தேடுபவருக்குக் குழப்பமில்லை. தேவகோட்டை ரஸ்தா என்ற ரயில் நிலையம் தேவகோட்டையில் இல்லை என்பது நமக்குத் தெரியும். பெயரை நம்பி இறங்கும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

கூகுள் மேப் மேக்கர் என்று ஒன்று இருந்ததை உங்கள் வயதினர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 2008இல் வந்த அதில் நம் நாட்டவர் பலர் ஆர்வத்தோடு ஊர் ஊராக வரைந்தார்கள். 2017 மார்ச்சில் நிறுவனம் அதை மூடியது. வரைந்தவை நிறுவனத்தின் வரைபடத்தில் தங்கின. வரைந்தவர்கள் அந்த வேலையை வேறிடத்தில் தொடர வழியிருக்கவில்லை. கூலியில்லா வேலை என்று உங்கள் நண்பர் சொல்வது அதற்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஓவர்ச்சர் அப்படிப்பட்டதன்று. ஆனாலும் எதை முதலில் செய்வது என்பதை அங்கே முடிவுசெய்பவை, பணமும் பொறியாளர்களும் தரும் உறுப்பு நிறுவனங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையில் ஆண்டுக்கு 15 பவுண்டு கட்டுபவருக்கு வாக்கு உண்டு. ஓராண்டில் 42 நாட்கள் வரைபடத்தில் வேலை செய்தவர் அந்தத் தொகையும் இல்லாமல் உறுப்பினராகலாம். நீங்கள் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். விண்ணப்பியுங்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கடைகள் திறப்பதையும் மூடுவதையும் நான்கைந்து பேரால் தொடர்ந்து பதிய முடியாது. காரைக்குடியில் கடை தேடுவதற்கு நானும் நிறுவன வரைபடத்தைத்தான் திறக்கிறேன். சாலைக்கும் கட்டடத்துக்கும் மாறாத அடையாள எண் கொடுத்து, வெவ்வேறு தரவுகளை ஒன்றோடொன்று பொருத்த ஓவர்ச்சர் செய்துவரும் வேலை பயனுள்ளது. ஆனால் அவர்களுடைய சாலை ஒன்று தவறாக இருந்தால், அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திவிட்டு அடுத்த மாத வெளியீடுகளில் அங்கே வந்து சேரும் வரை காத்திருப்பதே பெரும்பாலும் வழி. உங்கள் கை அவர்களுக்கும் தேவைப்படுகிறது என்று நண்பரிடம் சொல்லுங்கள். அவர் அதைக் கூலியில்லா வேலைக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதி ஊருணிகளுக்குக் கரை மட்டும் வரைந்திருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் வரத்துக்கால்களையும் நடந்து பார்த்துப் பதிந்துவிடுங்கள். சாலைக்கு அடியில் அவை குழாய் வழியாகப் புகுந்து போகும் இடங்களைத் தவறாமல் குறியுங்கள். தண்ணீர் வராத ஆண்டில் அடைப்பைத் தேடி முதலில் போய்ப் பார்க்க வேண்டியவை அந்த இடங்கள்தான்.