ஒருவர் ஓட்ட ஒருவர் உறங்க: தம்பதியாக அமெரிக்காவைக் கடக்க விரும்புவோருக்கு

கேள்வி: எனக்கு 46 வயது, என் மனைவிக்கு 43. இருவரும் தனித்தனியாக 600 கி.மீ. வரை சைக்கிள் ஓட்டிய அனுபவம் உண்டு. ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ போட்டியில் இருவர் கலப்பு அணியாக, மாறி மாறி ஓட்டும் ரிலே முறையில் கலந்துகொள்ள நினைக்கிறோம். அரை மணிக்கு ஒருமுறை மாறுவதே நல்லது என்கிறார் நண்பர். தூரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் மனைவி. எதைப் பின்பற்றுவது?

பதில்: நண்பர் சொல்வது பகலுக்குப் பொருந்தும், இரவுக்குப் பொருந்தாது. உங்கள் மனைவி சொல்வது நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கணக்கில் உங்களில் ஒருவர் தொடர்ந்து தூக்கத்தை இழந்துகொண்டே வருவார்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஓஷன்சைடிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை ஏறத்தாழ 4,800 கி.மீ. அணிகளுக்குக் கெடு 9 நாள், அதாவது 216 மணி நேரம். இரவு பகல் எதற்கும் கடிகாரம் நிற்காது. எனவே நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 22 கி.மீ.க்குச் சற்று மேல் சராசரி வேண்டும். 2015இல் நாசிக்கைச் சேர்ந்த மருத்துவச் சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும் இருவர் அணியாக எட்டரை நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்தார்கள். அது சராசரியாக மணிக்கு 23 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கெடுவுக்கும் அந்த நல்ல ஓட்டத்துக்கும் இடையே இருப்பது மணிக்கு ஒரு கிலோமீட்டர்தான். உங்களுக்கும் அவ்வளவு இடைவெளிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இப்போது கைமாற்றம். ஒருவர் இறங்கி மற்றவர் கிளம்பும்போது ஒரு நிமிடம் வீணாகிறது என்று கொள்வோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் 216 மணி நேரத்தில் 648 நிமிடம், ஏறத்தாழ 11 மணி நேரம் கரைந்துவிடும். பகலில் இந்த இழப்பைத் தவிர்க்க முடியும்: அடுத்தவர் முன்கூட்டியே உருளத் தொடங்கி, சக்கரங்கள் பக்கத்துப் பக்கமாக வரும் நொடியில் முறையை வாங்கிக்கொள்ளலாம். வெற்றுச் சாலையில் இதை ஐம்பது தடவையாவது பழகுங்கள். இருட்டில் நின்று மாறுவதே பாதுகாப்பு. அதனால் இரவில் கைமாற்றங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

நேரத்தைவிடப் பெரிய காரணம் தூக்கம். நான்கு பேர் அணியில் இருவர் ஓட்டும்போது இருவர் ஓய்வெடுக்கலாம். இருவர் அணியில் உங்கள் ஓய்வு, துணை ஓட்டும் நேரத்தைத் தாண்டி ஒரு நிமிடம்கூட நீளாது. அந்த நேரத்திலும் வண்டி உங்களை அடுத்த கைமாற்ற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு 9 முதல் 1:30 வரை ஒருவர், 1:30 முதல் 6 வரை மற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நேரத்தில் ஓட்டுபவர் 100 கி.மீ. போவார். ஓய்வு வண்டி அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றே கால் மணி ஆகும். சாப்பிடுவதையும் உடம்பைத் துடைத்துக்கொள்வதையும் அந்தப் பயணத்திலேயே முடித்துவிடுங்கள். எழுந்து தயாராக அரை மணி. எஞ்சுவது இரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் நின்ற வண்டியில். தூக்கத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் என்பதால் அதில் ஒரு சுற்று நிச்சயம் கிடைக்கும், இரண்டாவதன் பெரும்பகுதியும் கிடைக்கலாம். அரை மணி முறையில் ஒன்றுகூடக் கிடைக்காது. மூன்றாம் நாள் விடியலில், நேராக இருக்கும் சாலை வளைந்து தெரியும்போது, இந்த வித்தியாசம் புரியும்.

யாருக்கு எந்த நேரம்? வீட்டில் யார் விடியற்காலை தானாக எழுகிறார்களோ அவருக்கு இரண்டாம் பாதி. ஒன்பது இரவும் அதை மாற்றாதீர்கள். உடல் நேரத்துக்குப் பழகும்.

பகலில் நிலம்தான் முறையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. போட்டி ஜூன் மாதம் நடக்கிறது. முதல் நாளே மலையிலிருந்து பொரேகோ ஸ்பிரிங்ஸ் பாலைவனத்துக்குள் இறங்குவீர்கள். அங்கே 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு மேல் யாரும் ஓட்டக் கூடாது. இறங்கியவர் ஈரத்துணியோடு நிழலில் உட்காரட்டும். கொலராடோவில் 3,300 மீட்டர் உயரமுள்ள வுல்ஃப் க்ரீக் கணவாயில் ஏறும்போது எடை குறைந்தவருக்கு அதிகப் பங்கு கொடுங்கள். கான்சாஸின் தட்டையான, காற்று அறையும் சாலைகளில் வலு அதிகமுள்ளவர் ஒரு மணி நேர முறைகளை எடுக்கலாம்.

பங்கீட்டை நேரத்தால் செய்யுங்கள். நாளொன்றுக்கு ஆளுக்கு 270 கி.மீ. என்றால், மணிக்கு 26 கி.மீ. ஓட்டுபவர் 10 மணி 23 நிமிடத்தில் இறங்கிவிடுவார். 22 கி.மீ. ஓட்டுபவருக்கு 12 மணி 16 நிமிடம் ஆகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேர ஓய்வு, அது மிகவும் தேவைப்படும் ஆளிடமிருந்து பறிபோகிறது. மெதுவாக ஓட்டுபவர் குறைந்த தூரம் ஓட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள்தான் மெதுவானவர் என்றால் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவியாக ஓட்டுபவர்களிடம் மட்டும் நான் காணும் ஓர் ஆபத்து உண்டு. அது சண்டையிலிருந்து வருவதில்லை, பாசத்திலிருந்து வருகிறது. “அவள் தூங்கட்டும், இன்னும் பத்து நிமிடம் நானே ஓட்டுகிறேன்” என்று தொடங்குவது நாற்பது நிமிடமாகும். இரண்டு நாளில் ஒருவர் முற்றிலும் சோர்ந்துபோவார், மற்றவர் குற்ற உணர்வோடு தன் பலத்துக்கு மீறி மிதிப்பார். வலியையும் இருவரும் ஒருவருக்கொருவர் மறைப்பீர்கள். ஆகவே கடிகாரம் உங்கள் இருவர் கையிலும் இருக்கக் கூடாது. உதவிக் குழுவின் தலைவரிடம் அதைக் கொடுங்கள். அவர் உறவினராக இல்லாமலிருப்பது நல்லது. எப்போது மாறுவது, யார் ஓட்டத் தகுதியாக இல்லை, எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் அவர் முடிவு. புறப்படுவதற்கு முன்பே, குழுவின் முன்னிலையில், இருவரும் இதை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாளும் ஒரே சாலையில் இருந்தும் உங்கள் துணையைக் கைமாற்றத்தில்தான் பார்ப்பீர்கள். பலருக்கு இது எதிர்பாராத வேதனை. நாளுக்கு ஒருமுறை, சாயங்காலம், பத்து நிமிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். மொத்தச் செலவு 90 நிமிடம். சராசரி 23ஐத் தொட்டால் கெடுவுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். அதிலிருந்து இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சாப்பாடு, இருக்கைப் புண் பற்றிச் சுருக்கமாக: ஓட்டும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, ஒவ்வொரு நீண்ட முறைக்குப் பிறகும் உலர்ந்த புதிய கால்சட்டை. இரண்டையும் நீங்கள் கேட்கும் வரை காத்திராமல் குழுவே நினைவில் வைத்துச் செய்யட்டும்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு வாரக் கடைசியில் 36 மணி நேரம் இதே அட்டவணையை ஓட்டிப் பாருங்கள். இரண்டு வண்டி, குழு, இரவு முறைகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அன்று காலை 6 மணிக்கு இறங்கும்போது இருவரும் எத்தனை மணி நேரம் உண்மையில் தூங்கினீர்கள் என்று குழுத் தலைவர் எழுதிவைத்திருப்பார். இரண்டு மணிக்குக் கீழே இருந்தால், இரவு முறையை நாலரையிலிருந்து ஐந்து மணி நேரமாக்கி இன்னொரு வாரக் கடைசியில் மீண்டும் ஓட்டுங்கள்.