ராப் பாட்டுக்கு வீடியோ எடுக்க ஃபிலிம் ஸ்கூலில் படித்தது உதவுமா?

கேட்டவர் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறாராம். நண்பனுடைய ராப் பாட்டுக்கு முதல் வீடியோ எடுக்கப் போகிறார், கையில் ஒரு கேமராவும் அதனோடு வந்த லென்ஸும்தான் இருக்கிறதாம். எடிட்டில் கட் எப்படி வைப்பது என்றும் கேட்டிருக்கிறார். நானும் ஃபிலிம் ஸ்டூடன்ட்தான், கடைசி ஆண்டு. இதுவரை நான்கு ராப் வீடியோ எடுத்திருக்கிறேன். அதில் இரண்டைக் கூச்சமில்லாமல் காட்டுவேன். முதலாவதை யூடியூபிலிருந்தே தூக்கிவிட்டேன். அதைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

வடசென்னை வியாசர்பாடி நண்பன் ஒருவன் எழுதிய பாட்டு அது. மூன்று நிமிடம் பத்து வினாடி. பள்ளிக்கூடத்தில் வீட்டு முகவரியைச் சொன்னதும் வாத்தியார் முகம் எப்படி மாறியது என்பதுதான் பாட்டின் விஷயம். எனக்கு அப்போது லென்ஸ் பைத்தியமும் எடிட்டிங் பைத்தியமும் சேர்ந்து பிடித்திருந்த நேரம். பின்னணியை மங்கலாக்கும் 85 எம்எம் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இருபது அடி தள்ளி நின்று எடுத்தேன். பின்னால் தெருவிளக்கெல்லாம் உருண்டை உருண்டையாக மிதந்தது. அப்புறம் எடிட்டில் பீட்டுக்கு ஒரு கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது), மொத்தம் இருநூற்றுச் சொச்சம். வகுப்பில் போட்டுக் காட்டியபோது பசங்க கைதட்டினார்கள். ஆசிரியர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பையன் யாருகிட்டப்பா பேசுறான்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அவன் தொண்டை நரம்பு புடைக்க என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். நானோ பைக் விளம்பரம் மாதிரி எடுத்து வைத்திருந்தேன். தெருவைப் பற்றிய பாட்டில் தெருவே தெரியவில்லை. அதை மங்கலாக்கியது நானேதான், அதுவும் வாடகை கொடுத்து.

சினிமாப் பாட்டில் நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மலையைப் பார்ப்பார்கள். நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். ராப் அப்படி இல்லை. எதிராளியோ, போலீஸ்காரரோ, அம்மாவோ, செத்துப்போன நண்பனோ, யாரையாவது முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் ராப்பர் வாயைத் திறக்கிறார். லென்ஸைப் பார்க்காதே என்று நடிப்பவர்களிடம் சொல்லச் சொல்லி முதல் வாரமே கற்றுக்கொடுத்தார்கள். ராப்பருக்கு லென்ஸ்தான் எதிரே நிற்கும் ஆள்.

பள்ளியில் குறுந்தொகை படித்திருப்பீர்கள். பாட்டுக்குக் கீழே ‘தலைவி தோழிக்குக் கூறியது’ என்று ஒரு குறிப்பு இருக்குமே, அது இல்லாவிட்டால் பாதிப் பாட்டு புரியாது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம் என்று சொல்லிக்கொண்டு போகிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது. ராப் பேச வந்தவன் தொல்காப்பியத்தில் போய் நிற்கிறானே என்று சிரிக்கலாம், எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் இப்போதெல்லாம் ஷாட் பிரித்து எழுதும் தாளின் தலையில் இந்த நான்கையும் எழுதி நிரப்பாமல் நான் கேமராவை வெளியே எடுப்பதில்லை. ‘கேட்போர்’ இடத்தில் ஒரு ஆள் வந்துவிட்டால் கேமராவின் உயரம், தூரம், லென்ஸ் மூன்றும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும்.

அதன் பிறகு பழைய வீடியோக்களை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் இசை வீடியோ இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ். 1997ல் ராப்பர் மிஸ்ஸி எலியட்டுக்கு அவர் எடுத்த ‘தி ரெய்ன்’ வீடியோ என்றால் எல்லாருக்கும் அந்தக் காற்றடைத்த கருப்பு உடைதான் ஞாபகம் வரும். நான் லென்ஸைப் பார்த்தேன். ஃபிஷ்ஐ, அதாவது மிக அகலமாகக் காட்டும் லென்ஸ். லென்ஸ் எவ்வளவு அகலமோ, ஆளுக்கு அவ்வளவு கிட்டே போக வேண்டும். அப்படிப் போனால் முன்னால் நீளும் விரல் வாழைக்காய் அளவுக்கு வீங்கும், ஒரு முழம் பின்னால் இருக்கும் தோள் சுருங்கிவிடும். ராப்பர்கள் பாதிப் பேச்சைக் கையால் பேசுகிறவர்கள். அந்தக் கை பார்ப்பவன் மூக்குக்கு முன்னால் வந்து ஆடுவது இந்த லென்ஸில்தான். அதே நேரம் பின்னால் இருக்கும் சுவரும் ஆட்களும் ஃபிரேமுக்குள்ளேயே இருப்பார்கள். ஸ்கேட்போர்டு வீடியோ எடுத்த பையன்களுக்கும் இந்த லென்ஸ் பிடித்துப்போனதற்குக் காரணம் இதே மாதிரிதான்: ஆள் கிட்டே தெரிய வேண்டும், தரையும் தெரிய வேண்டும்.

அதற்காக உடனே ஃபிஷ்ஐ தேடி ஓடாதீர்கள். உங்கள் கேமராவோடு 18-55 லென்ஸ்தான் வந்திருக்கும். அதை மிக அகலமாகக் காட்டும் 18ல் வைத்து இரண்டடி தூரத்தில் நில்லுங்கள், போதும். கிட்டே நிற்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நண்பன் எச்சில் லென்ஸில் தெறிக்கும். துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது களன். இதில்தான் நான் இரண்டாவது முறையும் சறுக்கினேன். சரி, தெருவைக் காட்ட வேண்டும் என்று புரிந்துவிட்டது, அகல லென்ஸோடு அதே தெருவுக்குப் போனேன். போனதும் என் கண்ணில் பட்டது குப்பைத்தொட்டி, காரை பெயர்ந்த சுவர், தேங்கிய சாக்கடை. ட்ரைபாடை விரித்து ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆயா ஒருவர் வந்து நின்றார். “இன்னாப்பா, வர்றவன் எல்லாம் அந்தக் குப்பத்தொட்டியவே புடிக்கிறீங்க? எங்க வூட்டு வாசலாண்ட வந்து பாரு, எம்மாம் பெரிய கோலம் போட்டுக்கீறேன்.” மார்கழி மாதம். நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அதே எண்ணம் இருந்திருக்கிறது, என்னிடம் சொல்லத்தான் தயங்கியிருக்கிறான்.

ராப்பின் தாய்வீடான ஹிப் ஹாப் பிறந்த இடத்திலும் இதே சிக்கல்தான் இருந்தது. 1970களில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் சிலர் இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே தீ வைத்த காலம். டிவிக்காரர்கள் வந்தால் இடிபாட்டையும் புகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதே பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, சிண்டி கேம்ப்பெல் நடத்திய பார்ட்டியில் அவருடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க் ரெக்கார்டு சுழற்றினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடுவது அந்த ராத்திரியைத்தான். அன்று அங்கே ஆடியவர்களை யாராவது எடுத்திருந்தால், அந்தப் படத்தில் புது உடுப்பு போட்டு, தலை வாரி, சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான் இருந்திருப்பார்கள்.

ஆட்களை நிறுத்துவதற்கு எனக்குப் பிடித்த பாடம், 1989ல் இயக்குநர் ஸ்பைக் லீ பப்ளிக் எனிமி ராப் குழுவுக்காக எடுத்த ‘ஃபைட் தி பவர்’. புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் தெருவில் ஒரு ஊர்வலமாகவே அதை நடத்தினார். வீடியோ 1963 வாஷிங்டன் பேரணியின் பழைய செய்திப்படத்தில் தொடங்கும். அப்புறம் தெரு, கூட்டம், தலைவர்களின் படம் போட்ட பதாகைகள். பாடுபவர் கூட்டத்துக்குள்ளே நிற்கிறார். பேசுவது அவர், பின்னால் சாட்சி சொல்வது தெரு. கூட்டத்தை எடுத்துவிட்டு அதே வரிகளை வெறும் ஸ்டூடியோவில் சொல்லச் சொன்னால் கோபம் இருக்கும், ஊர் இருக்காது.

இன்னும் சிலர் இதை வேறு வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். ராப்பர் எம்.ஐ.ஏ. நம்மைப் போல ஃபிலிம் ஸ்டூடன்ட்தான், லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர். அவருடைய ‘கலாங்’ வீடியோவில் பின்னால் ஓடுவதெல்லாம் அவரே உருவாக்கிய ஸ்டென்சில் ஓவியங்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண் தனக்குப் பின்னால் என்ன நிற்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்திருக்கிறார். 2018ல் சைல்டிஷ் காம்பினோவுக்காக இயக்குநர் ஹிரோ முராய் எடுத்த ‘திஸ் இஸ் அமெரிக்கா’வில் முன்னால் ஆட்டம், பின்னால் கலவரம். ஆட்டத்தைப் பார்த்தால் பின்னால் நடப்பது கண்ணுக்குத் தப்பும், அதனால்தான் நீள நீளமான ஷாட்கள். நம் பக்கம் ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளையே கேமரா முன் கொண்டுவந்தார். யாரைப் பற்றிய பாட்டோ அவர் அங்கே இருக்கிறார்.

கட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் பாட்டு 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்) என்றால் ஒரு பீட் ஒரு வினாடியில் மூன்றில் இரண்டு பங்கு. வினாடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்தால் அது சரியாக 16 ஃபிரேம். நாலு பீட் சேர்ந்த ஒரு பார் 64 ஃபிரேம். 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ் (பாட்டின் ஒரு பத்தி) கிட்டத்தட்ட 43 வினாடி. இந்த எண்களை ஒட்டித் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். எதற்கென்றால், எங்கே வெட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ள. நான் செய்த மாதிரி 16 ஃபிரேமுக்கு ஒரு கட் வைத்தால் ஐந்தாவது கட்டிலேயே கண்ணுக்குச் சூட்சுமம் பிடிபட்டு, பார்ப்பவன் வரிகளைக் கேட்பதை விட்டுவிடுவான். இப்போது நான் ராப்பர் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுகிறேன். பீட்டில் வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஸ்னேர் டிரம் அடி விழுவதற்கு இரண்டு ஃபிரேம் முன்னால். முழு வெர்ஸையும் ஒரே ஷாட்டில் விட்டுப் பாருங்கள், 43 வினாடிதானே.

ஸ்லோமோஷனில் ஆள் நடந்து வர, உதடு மட்டும் பாட்டோடு ஒட்டி ஓடும் ஷாட் எல்லாருக்கும் பிடிக்கும். அதற்கு மாயமந்திரம் எதுவும் தேவையில்லை. 48 ஃபிரேமில் எடுத்தால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அவரைப் பாடச் சொல்ல வேண்டும், எடிட்டில் 24க்கு இறக்கினால் உதடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் 90 பிபிஎம் பாட்டு 180 ஆகிவிடும், வேகமாகப் பாடுகிறவருக்கு நாக்கு குழறும். 30 ஃபிரேமில் எடுத்து, பாட்டை ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். லேசான மிதப்பு கிடைக்கும், பாடுபவரும் பிழைப்பார். பாட்டு எலிக்குரலில் ஓடும்போது தெருப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனது 1990களில் இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ். ஃபார்சைட் ராப் குழுவின் ‘டிராப்’ பாட்டைத் தலைகீழாக ஓடவிட்டால் என்ன ஓசை வருமோ அதை ஒரு மொழியியல் நிபுணரின் உதவியோடு பாடகர்கள் மனப்பாடம் செய்தார்கள். எடுத்த படத்தைத் திருப்பி ஓட்டியபோது உதடு சரியாகப் பேசியது, உலகம் மட்டும் பின்னோக்கி நகர்ந்தது.

இன்னொன்று, ராத்திரி தெருவிளக்கில் எடுப்பதாக இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். வேறு எண் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும் அபாயம் உண்டு. ஒரு முழு இரவு ஷூட்டை நான் அப்படித்தான் குப்பையில் போட்டேன். போனில் எடுப்பதாக இருந்தால் ஃபிரேம் ரேட்டைப் பூட்டி வைக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகும்.

அந்த வியாசர்பாடிப் பாட்டைப் பிறகு மறுபடியும் எடுத்தோம். எடுப்பதற்கு முன்னால் நண்பனிடம் ஆசிரியர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். “மச்சான், நீ இதை யாருகிட்ட சொல்ற?” ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த வாத்தியார்கிட்டதான்” என்றான். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இவன் ஆறாம் வகுப்புப் பையன், நின்றுகொண்டிருந்தான். அதனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுத்தெருவில் போட்டு, நான் அதில் உட்கார்ந்து, கேமராவை என் கண் உயரத்தில் பிடித்துக்கொண்டேன். அவன் இரண்டடி தள்ளி நின்று குனிந்து என்னைப் பார்த்துப் பேசினான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா, டீக்கடைக்காரர், கேரம் ஆடும் பையன்கள், வாசலில் ஆயா, எல்லாரும் ஃபோகஸில். முதல் வெர்ஸில் கட்டே இல்லை.

கோலம் 1 நிமிடம் 42வது வினாடியில் வருகிறது. ஆயா வீட்டுக்கு யார் வந்தாலும் பேரன் போனை வாங்கி, நேராக அந்த இடத்துக்குத் தள்ளச் சொல்லிக் காட்டுகிறாராம். அதற்கு முன்னால் உள்ள பாட்டை இன்னும் முழுதாகக் கேட்கவில்லை என்று நண்பன் புலம்புகிறான்.