வீட்டு ஏசியின் கம்ப்ரசர் சீக்கிரம் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஏசியில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பகுதிதான் கம்ப்ரசர். எங்கள் வீட்டில் ஆறாவது வருடமே ஒன்று போனது. 1.5 டன் ஸ்பிளிட் ஏசி. வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். கம்ப்ரசர் மட்டும்தான் இலவசம். கேஸ், கூலி, போக்குவரத்து எல்லாம் தனி என்று பில் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முந்தைய மூன்று கோடையிலும் ஒரே கதைதான். மார்ச் மாதம் குளிர்ச்சி குறையும். மெக்கானிக் வருவார், "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்பார், ஏற்றிவிட்டுப் போவார். வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி நானும் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஏசியில் கேஸ் தீர்ந்துபோகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கம்ப்ரசரின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அதன் வழியே ஓடும் கேஸ்தான். அது குறையக் குறைய கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டார் சூடேறும். அறை குளிராததால் நிற்காமலும் ஓடும். இப்படி மூன்று வருடம் ஓடினால் எந்த கம்ப்ரசர் தாங்கும்?

அதனால் கேஸ் ஏற்றுவதற்கு முன் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குழாய் இணைப்பு நட்டுகளில் சோப்பு நுரை தடவினாலே பல நேரம் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு உப்புக்காற்று காயிலையே, அதாவது மெல்லிய தகடுகள் கோத்த, கேஸ் ஓடும் குழாய்ச் சுருளையே, அரித்திருந்தது. கசிவை அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயைக் காலி செய்துதான் கேஸ் ஏற்ற வேண்டும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். உள்ளே ஈரம் தங்கினால் அது கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டாரின் கம்பிச் சுற்றின் மேல்பூச்சையே தின்றுவிடும். எவ்வளவு கேஸ் என்பது அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் இருக்கும். தராசில் வைத்து அந்த எடைக்கு ஏற்றுபவர் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. எங்கள் அவுட்டோர் யூனிட் பால்கனியில் இருந்தது. அந்தச் சூட்டில் துணி சீக்கிரம் காயும் என்று அம்மா கண்டுபிடித்து, அதன் முன்னாலேயே கொடி கட்டியிருந்தார். யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான், ஏசிக்குத்தான் ஆகவில்லை. வெளியே போக வேண்டிய சூடான காற்று துணியில் முட்டித் திரும்பி மறுபடி யூனிட்டுக்குள்ளேயே போகும். உள்ளே அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் மூச்சுத் திணறும். இப்போது கொடி மாடிக்குப் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காயிலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவச் சொல்கிறேன். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். யூனிட் சுவரில் தொங்கினால் நீங்களே இறங்கிவிடாதீர்கள்.

அறைக்குள் இருக்கும் யூனிட்டின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் காட்டி, காயவைத்து மாட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. அது அடைத்துக்கொண்டால் அந்த யூனிட்டின் காயிலில் ஐஸ் கட்டும். ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பிப் போகும். கம்ப்ரசர் கேஸை அழுத்தத்தான் செய்யப்பட்டது, திரவத்தை அல்ல.

கரண்ட் போய் உடனே வந்தால் மூன்று நிமிடமாவது கழித்துத்தான் ஏசி ஓட வேண்டும். உள்ளே அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் ஆகும். நல்ல ஸ்டெபிலைசர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் சில இன்வர்ட்டர் ஏசிகளுக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்பார்கள். எவ்வளவு வோல்டேஜ் வரை என்பதை மேனுவலில் பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. வெளியே ஃபேன் மட்டும் சுற்றுகிறது, காற்று குளிரவில்லை, "கம்ப்ரசர் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இன்வர்ட்டர் இல்லாத சாதாரண ஏசி என்றால், மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் கப்பாசிட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. பக்கத்து வீட்டில் புது ஏசிக்கே விலை விசாரித்துவிட்டார்கள். கடைசியில் மாற்றியது அதை மட்டும்தான்.