உள்ளே இருப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்? – கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் பிஸ்கட் செய்து விற்கிறேன். லேபிளில் 'கன்டெய்ன்ஸ்' போடுவதா, 'இன்க்ளூட்ஸ்' போடுவதா?

பதில்: 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்றுதான் போட வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள் உள்ளே இருந்தால் உணவுப் பாதுகாப்பு விதிகளும் இந்தச் சொல்லைத்தான் கேட்கின்றன. நீங்கள் பருப்பு சேர்க்கவில்லை, ஆனால் அதே தட்டில் முந்திரி பிஸ்கட்டும் சுடுகிறீர்கள் என்றால் 'மே கன்டெய்ன் நட்ஸ்'. 'இன்க்ளூட்' என்பது மொத்தத்தில் இதுவும் சேர்த்தி என்று சொல்ல: விலையில் ஜிஎஸ்டி சேர்த்தி என்றால் 'ப்ரைஸ் இன்க்ளூட்ஸ் ஜிஎஸ்டி'.

'இஸ் கன்டெய்னிங்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் 'கொண்டிருக்கிறது' இழுத்து வரும் தப்பு அது. 'உள்ளே இருக்கிறது' என்ற பொருளில் இந்த வினைக்கு 'இங்' வடிவம் ஒத்துவராது.

கேள்வி: 'கன்டென்ட்', 'கன்டென்ட்ஸ்'?

பதில்: பையைக் கவிழ்த்தால் கொட்டுவதெல்லாம் 'கன்டென்ட்ஸ்'. எவ்வளவு விகிதம் என்று கேட்டால் 'ஸ்' போய்விடும்: டோன்டு பாலின் 'ஃபேட் கன்டென்ட்' 3 சதவீதம், ஃபுல் க்ரீமில் 6. உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். இரண்டாவதில் விழுந்தால் 'திருப்தியான' என்று பொருள் மாறிவிடும்.

கேள்வி: வங்கித் தேர்வில் 'கன்சிஸ்ட்', 'கம்ப்ரைஸ்' எப்போதும் காலை வாரிவிடுகின்றன.

பதில்: தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப் 234 மெம்பர்ஸ்' சரி. 'இஸ் கன்சிஸ்டட் ஆஃப்' எங்குமே தப்பு. 'கம்ப்ரைஸஸ் 234 மெம்பர்ஸ்' என்பதில் 'ஆஃப்' கிடையாது. 'இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்' பத்திரிகைகளில் தாராளமாக வருகிறது, அகராதிகளும் பதிவு செய்கின்றன. ஆனால் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் வினாவில் அதைத்தான் பொறியாக வைப்பார்கள்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். 'கன்ஜெனிட்டல்', 'ஹெரிடிட்டரி' இரண்டுமே பிறவி நோய்தானே?

பதில்: இல்லை. கன்ஜெனிட்டல் 'எப்போதிலிருந்து' என்பதைச் சொல்கிறது: பிறக்கும்போதே இருக்கிறது. ஹெரிடிட்டரி 'எங்கிருந்து' என்பதை: பெற்றோரின் மரபணுவிலிருந்து. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்ற வைரஸ் தொற்று வந்தால் குழந்தை கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறுடன் பிறக்கலாம். இது கன்ஜெனிட்டல், மரபணுவுக்கு இதில் வேலையே இல்லை. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் நேர் எதிர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு, ஆனால் அறிகுறி பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். கேஸ் ஷீட்டில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால், அடுத்த குழந்தைக்கும் வருமா என்ற கேள்விக்கே பதில் தப்பாகிவிடும்.

கேள்வி: அப்படியே 'எண்டோஜீனஸ்' பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: உடலுக்குள்ளேயே உண்டானது எண்டோஜீனஸ், வெளியிலிருந்து வந்தது எக்ஸோஜீனஸ். கணையம் சுரப்பது எண்டோஜீனஸ் இன்சுலின். ஊசியில் போவது எக்ஸோஜீனஸ். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் சி-பெப்டைட் பரிசோதனை. கணையம் இன்சுலினை விடும்போது கூடவே சம அளவில் சி-பெப்டைடும் வெளிவரும். மருந்துக்கடை இன்சுலினில் அது கிடையாது. சர்க்கரை தாழ்ந்து, இன்சுலின் ஏறி, சி-பெப்டைட் மட்டும் குறைந்திருந்தால் ஊசியைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: 'இன்ஹெரன்ட்', 'இன்ட்ரின்சிக்' – அகராதி இரண்டுக்கும் 'உள்ளார்ந்த' என்றே போடுகிறது.

பதில்: இரண்டும் நெருங்கியவை, பல வாக்கியங்களில் இடம் மாறும். இன்ஹெரன்ட் என்றால் பிரித்தெடுக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருப்பது. பெரும்பாலும் 'ரிஸ்க்' போன்ற வேண்டாத சங்கதிகளோடு வரும். இன்ட்ரின்சிக் வெளிச்சூழலை ஒதுக்கிவிட்டு, பொருளுக்குள்ளேயே இருப்பதை அளப்பது. பங்குச் சந்தை ஆப்ஷனில் இது பச்சையாகத் தெரியும். கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில் (ஸ்ட்ரைக்) வாங்கும் உரிமை, அதற்குக் கொடுக்கும் விலை பிரீமியம். பங்கு விலை 520, கால் ஆப்ஷனின் ஸ்ட்ரைக் 500, பிரீமியம் 32 என்றால் இன்ட்ரின்சிக் வேல்யூ 20. மீதி 12 டைம் வேல்யூ. அந்த உரிமை முடியும் நாளான எக்ஸ்பைரி வரும்போது அது கரைந்து காணாமல் போகும்.

பிரிபோசிஷனை விட்டுவிடாதீர்கள்: 'இன்ஹெரன்ட் இன்', 'இன்ட்ரின்சிக் டு'. பொருளைவிட இங்கேதான் மதிப்பெண் அதிகம் போகிறது.

கேள்வி: 'நேட்டிவ்', 'எண்டெமிக்'?

பதில்: மயில் இந்தியாவுக்கு நேட்டிவ், இலங்கையிலும் இயல்பாகவே உண்டு, அதனால் எண்டெமிக் அல்ல. நீலகிரி வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை, அதுதான் எண்டெமிக். உண்ணிச்செடி காடெல்லாம் படர்ந்திருந்தாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது, ஆகவே இரண்டுமில்லை. நோய்க்கு எண்டெமிக் என்றால் பொருள் வேறு: அந்த வட்டாரத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட நோய். வேறு ஊர்களில் அது இருக்கக்கூடாது என்பதில்லை.

கேள்வி: மெயிலில் 'என்க்ளோஸ்டு' எழுதலாமா?

பதில்: உறைக்குள் வைத்து அனுப்பினால் என்க்ளோஸ்டு. மெயிலோடு கோப்பு இணைத்தால் 'அட்டாச்டு'. அனுப்பும் முன் கோப்பு உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.